எங்க ஐயா காத்த மூன்று மடைகள்

எங்க ஐயா நீர்பாய்ச்சி. மதுரைப் பக்கம் நீர்க்கட்டி என்பார்கள். சிவகங்கைச் சீமையில், இளையான்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் நீர்பாய்ச்சி என்றுதான் பேர். கண்மாய் மடையைத் திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து விடுவது, மழைக்காலத்தில் கரை உடையாமல் ராத்திரி பகலாகக் காவல் கிடப்பது, இதுதான் வேலை. தாத்தா பார்த்த வேலை. அவருக்குப் பின் ஐயா 34 வருஷம் பார்த்தார். நான் பார்க்கவில்லை. படித்தேன், அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியரானேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். இப்போது ஆறு வருஷமாக ஊர்க் கண்மாய்ச் சங்கத்துக்குச் செயலாளராக இருக்கிறேன்.

இயற்கை வளப் பாதுகாப்பு என்று ஒரு பாடம் ஒவ்வொரு வருஷமும் வரும். காடு, மண், நீர், கனிமம் என்று வரிசையாக நடத்துவேன். நடத்தும்போதெல்லாம் மனசில் ஓடியது எங்கள் கண்மாய்தான். தண்ணீர் பாயும் ஆயக்கட்டு 86 ஏக்கர், மூன்று மடை, நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிய ஒரு கலுங்கு. அவ்வளவு சின்னது. ஒரு பொருளை வருஷம் தவறாமல் எடுத்துக்கொண்டே அது தீராமலும் வைத்திருக்க முடியும் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். அது கெட்டுப்போனதையும் அங்கேதான் பார்த்தேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். கார்த்திகை பிறந்து மழை ஓய்ந்திருந்தது. எங்கள் பக்கம் நாற்றங்கால் விட்டு நடுவது குறைவு. புரட்டாசியிலேயே காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிடுவோம். ஐப்பசி மழையில் முளைத்து வளரும். மழை நின்ற பிறகு, கதிர் வாங்கி முற்றுகிற வரைக்கும் கண்மாய்த் தண்ணீர்தான் பயிரின் உயிர். அந்த வருஷம் முதல் தண்ணீர் திறக்கிற ராத்திரி ஐயா என்னையும் கரைக்குக் கூட்டிப்போனார்.

மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் கம்பு வைத்த அடைப்பான். கரையிலிருந்து மடைக்கல்லுக்குத் தாவி, கம்பைத் தூக்கினால் திறந்துகொள்ளும். நடுமடை பழைய மடை. அதை முங்கித்தான் எடுக்க வேண்டும். ஐயா வேட்டியை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, கோவணத்தோடு இறங்கினார். மடைக்கல்லின் இரண்டு தூணுக்கும் நடுவில் ஒரு மூச்சு இழுத்துவிட்டு உள்ளே போனார். நான் எண்ணத் தொடங்கினேன். நாற்பது வரை எண்ணினேன். மேலே அலை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு கரைக்கு அந்தப் பக்கம், வெளிவாயில், தண்ணீர் ஒரு தடவை செருமுவதுபோல் சத்தம் போட்டுப் புறப்பட்டது. அதற்குப் பிறகுதான் ஐயாவின் தலை தெரிந்தது. கையில் மரக்கட்டையில் செதுக்கிய அடைப்பான், அதைச் சுற்றிய பழந்துணி, வைக்கோல்.

மேலே வந்து அவர் முதலில் சொன்னது இதுதான்: “தண்ணி இழுக்குற பக்கம் காலைக் கொண்டுபோகக் கூடாதுடா. கை முன்னால போயித் தேடணும். கால் பின்னாலயே நிக்கணும்.” மடைத் துளையில் கால் மாட்டிக்கொண்டால் தண்ணீரின் அழுத்தம் மனிதனை விடாது. அப்படி உயிரை விட்ட நீர்பாய்ச்சிகள் சுற்றுப்பட்டு ஊர்களில் உண்டு. மடைக்கருப்புக்குப் பொங்கல் வைக்காமல் எங்கள் ஊரில் மடை திறக்க மாட்டார்கள். ஏன் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

இந்த வேலைக்கு ஐயாவுக்குக் கிடைத்த கூலி, அறுவடைக் களத்தில் ஏக்கருக்கு இரண்டு மரக்கால் நெல்லும் ஒரு கட்டுக் கதிரும். ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. நிலம் இல்லாதவனைத்தான் நீர்பாய்ச்சியாக வைப்பார்கள். தன் வயல் என்று ஒன்று இருந்தால் கை அந்தப் பக்கம் சாயும் என்று ஊருக்குத் தெரியும். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் ஐயாவை எட்டு வயதுப் பையன்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். தெருவில் அவருக்கு இடமில்லை, மடையில் மட்டும் அவர் சொல் நின்றது. பழைய கண்மாய் முறையைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மடையில் அவர் சொல் நின்றது என்று சொன்னேன். எப்படி நின்றது என்பதற்கு ஒரு வருஷத்தைச் சொல்கிறேன். மழை பொய்த்த வருஷம். கார்த்திகைக் கடைசியில் கண்மாயில் பாதித் தண்ணீர்கூட இல்லை. நடுமடைக் கல்லில் மூன்று கோடு வெட்டியிருக்கும். யார் வெட்டியது என்று தாத்தாவுக்கே தெரியாது. மேல்கோட்டில் தண்ணீர் நின்றால் அவரவர் தேவைக்கு விடலாம். நடுக்கோட்டுக்கு வந்துவிட்டால் முறை வைத்து விட வேண்டும். கீழ்க்கோட்டுக்கு வந்தால் முற்றின பயிருக்கு மட்டும். அன்றைக்கு ஆலமரத்தடியில் ஊர் கூடியது. தண்ணீர் நடுக்கோட்டுக்குக் கீழே போய்விட்டது, இனி முறைதான் என்று ஐயா சொன்னார். பெரிய நிலக்காரர் ஒருவர், “என் பயிரு பால் பிடிக்குது, எனக்கு முதல்ல விடு” என்றார். ஐயா, “கடைமடை காஞ்சிருக்குங்கய்யா. அங்க விட்டுட்டு மேல ஏறி வாரேன்” என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

முறை அளக்க எங்கள் வீட்டில் ஒரு வட்டில் இருந்தது. செம்பில் செய்தது, அடியில் ஊசித் துளை. ஒரு பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் துளை வழியாக மெல்ல நிரம்பி மூழ்கும். ஒரு தரம் மூழ்கினால் ஒரு முறை. இத்தனை குழி நிலத்துக்கு இத்தனை வட்டில் என்று கணக்கு. வட்டிலைப் பார்ப்பதற்கு என்னையும் அக்காவையும் உட்கார வைப்பார்கள். அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அது கடைசியாக ஒரு பக்கம் சாய்ந்து அமிழ்வதைப் பார்த்ததும் நாங்கள் கூவ வேண்டும், வாய்க்காலில் நிற்கிற ஐயா மண்வெட்டியால் அந்த வாயை அடைத்து அடுத்த வாயை வெட்டிவிடுவார். அந்த வருஷம் எல்லா வயலிலும் விளைச்சல் குறைவு. ஆனால் முழுக்கக் காய்ந்துபோன வயல் என்று ஒன்றுகூட இல்லை.

இலங்கையில் அநுராதபுரம் பக்கத்துக் குளங்களிலும் இதற்கு நெருங்கிய வழக்கம் ஒன்று இருக்கிறது. பெத்ம என்பார்கள். குளத்தில் தண்ணீர் குறைந்தால், குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நிலத்தை மட்டும் அந்தப் போகத்துக்கு எல்லாரும் பங்கு பிரித்துப் பயிர் வைப்பார்கள். பத்திரத்தில் யார் பேர் இருக்கிறது என்று அப்போது பார்ப்பதில்லை. ஒன்றன் தண்ணீர் அடுத்ததற்கு இறங்கும் அந்தக் குளத் தொடர்களை, உலகின் முக்கியமான வேளாண் மரபுகளில் ஒன்றாக ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2017இல் ஏற்றுக்கொண்டது.

எதற்காக நம் முன்னோர் இவ்வளவு கண்மாய் வெட்டினார்கள்? தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழை சுமார் 920 மில்லிமீட்டர். இதில் கிட்டத்தட்டப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் பெய்துவிடுகிறது. அந்த மூன்று மாதத்திலும் சில நாள்களில்தான் கொட்டும். வகுப்பில் நான் போடச் சொல்கிற கணக்கு ஒன்று உண்டு. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஒரு ராத்திரியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அந்த ஓர் ஏக்கரில் மட்டும் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. பிடித்து வைக்காவிட்டால் மறுநாள் அது கடலில் இருக்கும். தையில் பயிர் காயும்.

பிடித்து வைத்தார்கள். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருப்பதாகக் கணக்கு. மேட்டுக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு வரும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. வைகையே இப்படித்தான். வழியெல்லாம் கண்மாய்களை நிறைத்துக்கொண்டு போய், கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் சேருகிறது. கடல் வரைக்கும் போவதற்கு அதில் பெரும்பாலும் மிச்சம் இருப்பதில்லை. எங்கள் பக்கத்தில் ராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்பார்கள். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நாரையால் பறக்க முடியாது, அவ்வளவு நீளம். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் எழுந்த வீராணம் ஏரி 2004 முதல் சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கிறது. அதே பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், 919, 921ஆம் ஆண்டுகளில், ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு இருக்கிறது. ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆள்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

அரசர்கள் கட்டினார்கள் என்பது பாதிக் கதைதான். மீதிப் பாதி, கட்டியதை வருஷா வருஷம் பார்த்துக்கொண்ட ஊர்க்காரர்களுடையது. அதற்குக் குடிமராமத்து என்று பேர். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சேர்ந்த மண்ணை அள்ள வேண்டும், கரையில் எலி வளை, நண்டு வளைகளை அடைக்க வேண்டும், அலைகல் சரிந்திருந்தால் அடுக்க வேண்டும். வராதவனுக்குத் தண்டம்.

சித்திரை, வைகாசியில் கண்மாய் வறண்டு கிடக்கும்போது கரம்பை அடிப்பார்கள். மழைத் தண்ணீர் மேட்டிலிருந்து கொண்டுவந்து படியவைத்த வண்டல் மண்ணை மாட்டு வண்டியில் ஏற்றி வயலுக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் கொண்டுபோவார்கள். அதுதான் அன்றைய உரம். வயல் கேட்கிற மண்ணை எடுக்க எடுக்கக் கண்மாய் தானாகத் தூர் வாரப்பட்டது. இதற்காக யாரும் திட்டம் போடவில்லை, பணம் ஒதுக்கவில்லை. நான் பாடம் நடத்திய காலத்தில் ‘நிலைத்த பயன்பாடு’ என்ற சொல் பிள்ளைகள் வாயில் நுழையாமல் திணறும். கரம்பை வண்டியைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

பிறகு யூரியா மூட்டை வந்தது. கரம்பை வண்டிகள் நின்றன. மண் கண்மாயிலேயே தங்கிவிட்டது.

ஒரே நாளில் கெட்டது என்று சொல்ல முடியாது. குடிமராமத்தில் ஆள்கள் வருவது குறைந்ததைப் பார்த்து ஆங்கிலேயர் காலத்திலேயே, 1858இல், கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று சென்னை மாகாணத்தில் வந்துவிட்டது. தன் கண்மாய் என்று வந்து நின்ற ஆளைச் சட்டத்துக்குப் பயந்து வரும் ஆளாக்கினால் என்ன ஆகும்? 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அது வரவேண்டிய சட்டம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் ஜமீன் கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தபோது, பார்த்துக்கொள்ளும் பொறுப்பு காகிதத்தில் ஏறியது, ஊரிலிருந்து இறங்கியது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு என்றால் பொதுப்பணித் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்று பிரித்தார்கள். சங்கிலியாக இருக்கிற கண்மாய்களில் மேலே ஒன்று ஒரு துறையிலும் கீழே ஒன்று இன்னொரு துறையிலும் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற வரத்துக்காலை யார் பார்ப்பது? எங்கள் 86 ஏக்கர் ஒன்றியத்தில் சேர்ந்தது.

அதற்கப்புறம் மோட்டார். ஆயக்கட்டுக்குள்ளேயே கிணறு வெட்டி, ஆழ்குழாய் போட்டவர்கள் மடையைப் பார்க்கத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. ஊர்க் கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்து பேசக்கூடியவர்களும் அவர்கள்தான். அவர்கள் விலகியதும் கூட்டம் கூடுவது நின்றது. கிணற்றுக்கு ஊற்று கொடுப்பதே கண்மாயில் நிற்கிற தண்ணீர்தான் என்பது, கண்மாய் காய்ந்து கிணறும் காய்ந்த பிறகு உறைத்தது. களத்தில் ஐயாவுக்கு நெல் அளப்பதும் நின்றது. ஒரு வருஷம் பாதிப் பேர் அளந்தார்கள். அடுத்த வருஷம் நாலு பேர். அதற்கடுத்த வருஷம் ஐயா களத்துக்குப் போகவில்லை.

கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் ஏறியது அந்த நாள்களில்தான். அதைப் பற்றி எல்லாருமே கோபமாகப் பேசுகிறார்கள். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லித் தீவிரமாக உத்தரவிட்டது. நீர்நிலைக்குள் அது இருக்கக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் எங்கள் மாவட்டத்திலும் ராமநாதபுரத்திலும் நிலமில்லாத எத்தனையோ குடும்பங்கள் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பிழைத்தன என்பதையும் மறக்கக் கூடாது. மேலே வெட்டினால் அடியில் நாலு பக்கமும் தளிர்க்கும் மரம் அது. வேரோடு எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் அடுத்த இரண்டு வருஷம் முளைக்கும் கன்றுகளையும் பிடுங்க வேண்டும். பொக்லைன் ஒரு நாள் வந்து போவதால் முடிகிற காரியம் இல்லை. நாட்டுக்கருவையையும் சேர்த்து வழித்தெடுத்துவிடுகிறார்கள், அது தனிக் கொடுமை. நாட்டுக்கருவையில்தான் பறவை கூடு கட்டும். எங்கள் மாவட்டத்திலேயே வேட்டங்குடிக் கண்மாய் 1977 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் குஞ்சுகள் மிரளுமே என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

இப்போது, இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். கண்மாய் என்றாலே இன்றைக்கு எல்லாருக்கும் நினைவு வருவது தூர்வாருதல். தோண்டு, ஆழமாகத் தோண்டு என்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். வெளியூரில் சம்பாதிக்கிற பிள்ளைகள் சொந்த ஊர்க் கண்மாயைத் தோண்டப் பணம் அனுப்புகிறார்கள். எங்கள் ஊரிலும் ஒரு வேலை நடந்தது. வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து, தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அறிவிக்கப்பட்ட காலம் முடிந்த கையோடு. 2016 மழையும் அதற்கடுத்த கோடையும் யாருக்கும் மறந்திருக்காது. இயந்திரம் வந்து கரைக்கு உள்பக்கமாக ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஆழத்தில் பெரும் பள்ளங்கள் வெட்டியது. மண் லாரி லாரியாகப் போனது. இனி நம் கண்மாய் வற்றாது என்று சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

ஐயா அப்போது இருந்தார். கண் சரியாகத் தெரியாது. கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, “மடை எங்கடா இருக்கு?” என்றார். காட்டினேன். “பள்ளம் எங்க இருக்கு?” என்றார். மடைவாயைவிடப் பத்தடி கீழே. “அங்க நிக்குற தண்ணி எப்படிடா மேல ஏறி மடைக்கு வரும்?” என்றார்.

32 வருஷம் அறிவியல் நடத்திய எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. கண்மாயின் பாசனக் கொள்ளளவு என்பது மடைவாய் மட்டத்துக்கும் கலுங்கு மட்டத்துக்கும் இடையில் நிற்கிற தண்ணீர்தான். மடைவாய்க்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் ஒரு சொட்டு வயலுக்குப் போகாது. மழை வந்தால் முதலில் அந்தப் பள்ளம் நிறைய வேண்டும், அதற்குப் பிறகுதான் மடைவாயைத் தண்ணீர் தொடும். குறைந்த மழை பெய்கிற வருஷங்களில் அது தொடாமலே போகும். போனது.

அதோடு நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான வருஷம் களிமண் நைந்து படிந்து, தண்ணீரை ஒரே மூச்சில் உறிஞ்சவிடாமல் தாங்கும் ஓர் அடுக்கு கண்மாய்த் தரையில் இருக்கும். அதை வெட்டிக் கீழே மணல் தெரிந்துவிட்டால் தண்ணீர் நிற்காது. கரையை ஒட்டித் தோண்டினால் கரையின் கால் பலவீனமாகும். ஆடு மாடு சரிவில் நடந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்த இடத்தில் செங்குத்துப் பள்ளம். மறு மாசியில், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் முழங்கால் தண்ணீர் என்று நினைத்துக் குளிக்க இறங்கி மூழ்கப் பார்த்தான். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் சேலையை வீசி இழுத்துப்போட்டாள்.

பழைய மடைகளை உற்றுப் பார்த்தால் இன்னொன்று தெரியும். மடைவாயைக் கண்மாயின் அடித்தரையிலிருந்து சற்று உயர்த்தியே வைத்திருப்பார்கள். எந்த நீர்பாய்ச்சி எவ்வளவு திறந்தாலும் கடைசி ஒரு முழத் தண்ணீர் வெளியே போகாது. அது மாட்டுக்கும் மீனுக்கும் பறவைக்கும் உள்ள பங்கு. ஊர்க் கூட்டம் போட்டு மாற்ற முடியாதபடி கல்லிலேயே வைத்துக் கட்டிவிட்டார்கள். புதுக்கோட்டைப் பக்கத்தில் குமிழித் தூம்பு என்னும் பழைய மடைகளில் மேலே ஒரு துளை, அடியில் ஒரு துளை. மேல் துளை நீரோடி, கீழ்த் துளை சேறோடி. தண்ணீர் போகிறபோதே அடிச்சேற்றையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு வயலுக்குப் போகும். வயலுக்கு உரம், கண்மாய்க்குத் தூர்வாரல். இதைச் செய்தவர்கள் பேர் நமக்குத் தெரியாது.

நான் சங்கத்துக்கு வந்த முதல் வருஷம், கண்மாய்க்குள் ஒரு கூடை மண்கூடத் தோண்ட வேண்டாம், வரத்துக்காலை மட்டும் பார்ப்போம் என்றேன். இரண்டரை கிலோமீட்டர். முழுவதும் நடந்தோம். மூன்று இடத்தில் அடைப்பு. ஒன்று, சீமைக்கருவேலம் மூடிய இடம். நூறு நாள் வேலையில் வந்த பெண்கள் அதை முடித்தார்கள். இரண்டாவது, சாலைக்கு அடியில் போட்ட குழாய். வாய்க்கால் மட்டத்தைவிட அரை அடி உயர்த்திப் போட்டுவிட்டார்கள். எழுதி எழுதி, இரண்டு வருஷம் கழித்து மாற்றினார்கள். மூன்றாவதுதான் கஷ்டம். ஒரு பெரியவர் வரப்பைத் தள்ளித் தள்ளி வாய்க்காலை உழுது வயலோடு சேர்த்துவிட்டிருந்தார்.

“வாத்தியாரே, எங்கப்பா காலத்துல இருந்து உழுகுறோம்” என்றார்.

“உங்கப்பா காலத்துல இதுல தண்ணி போச்சுங்கய்யா. எங்கய்யா இந்தக் கரையிலதான் நடந்து போவாரு” என்றேன்.

நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதைச் சொல்லி மிரட்டியிருக்கலாம். ஊரில் நாளைக்கும் முகம் பார்த்துப் பேச வேண்டும், கரை உடைந்தால் அவரும் வந்து மண் சுமக்க வேண்டும். அதனால் ஏழு தரம் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். கிராமக் கணக்குப்படி 12 அடி வாய்க்கால். ஏழடி விட்டார். மீதி ஐந்தடிக்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

2021 நவம்பரில் நல்ல மழை. பல வருஷத்துக்குப் பிறகு எங்கள் கலுங்கில் தண்ணீர் விழுந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ கண்டு கத்த, ஊரே விளக்கோடு கரைக்கு ஓடியது. ஐயா அதற்கு முந்திய வருஷமே போய்விட்டார்.

சங்கத்துக்கு வருமானம் என்றால் மீன் ஏலம்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏலம் எடுத்தவருக்குச் சீக்கிரம் தண்ணீர் வற்றினால் மீன் பிடிக்க வசதி. விவசாயிக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். பங்குனிக்கு முன்னால் வலை போடக் கூடாது, மடையில் கை வைக்கக் கூடாது என்று ஏலச் சீட்டிலேயே எழுதி வாங்குகிறோம். ஏல மீன் போக, வற்றின கடைசியில் ஒருநாள் கண்மாயை அழிப்போம். அழிகண்மாய் என்று பேர். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஊத்தா, கச்சா, வலை என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு சனம் இறங்கும். கெளுத்தி, குரவை, விரால் யார் கைக்குக் கிடைக்கிறதோ அவர்களுக்கு. அன்றைக்கு ஏலமும் இல்லை, சாதியும் இல்லை.

கரம்பை அடிப்பதையும் திரும்பத் தொடங்கியிருக்கிறோம். இடையில் பல வருஷம், சொந்த வயலுக்கு வண்டல் எடுக்க வேண்டும் என்றாலும் கனிம விதிப்படி அனுமதிக்கு அலைய வேண்டியிருந்தது. இப்போது வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. அளவுகோல் ஒன்று நட்டிருக்கிறோம். மடைவாய் மட்டத்துக்குக் கீழே ஒரு மண்வெட்டிகூடப் போகக் கூடாது. பழைய பள்ளங்களை, கரையை ஒட்டியவற்றை மட்டும், வரத்துக்காலில் அள்ளிய மண்ணை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேடாக்கி வருகிறோம். முடிய இன்னும் நாலைந்து வருஷமாகும்.

இரண்டு வருஷமாக எங்கள் கண்மாய்க்கு மறுபடியும் ஒரு நீர்பாய்ச்சி இருக்கிறார். 26 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த தம்பி. எந்தத் தெருக்காரராக இருந்தாலும் மனுப் போடலாம் என்று அறிவித்துத்தான் எடுத்தோம். நிலம் இருக்கக் கூடாது என்ற பழைய விதியை மட்டும் மாற்றவில்லை. மாதச் சம்பளம் சங்கம் கொடுக்கிறது, அறுவடையில் நெல் தனி. இரும்புத் திருகு வைத்த மடைகள் போட்டாகிவிட்டது, முங்க வேண்டியதில்லை. முறை அளக்கக் கைப்பேசியில் மணி வைத்துக்கொள்கிறார். ஐயாவின் வட்டிலை அவரிடம் கொடுத்துவிட்டேன். கூட்டத்தில் அவரை எல்லாரும் ‘வாங்க’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் ஊரை விட்டு வெளியே இருக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் ஊர்க் கண்மாய்க்கோ ஏரிக்கோ ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால், இயந்திரத்துக்குப் பணம் அனுப்புவதற்கு முன் ஒரு தடவை நேரில் போங்கள். ஆவணி முடிவதற்குள் போங்கள், அதற்குப் பிறகு மழை வந்துவிடும். வரத்துக்கால் எங்கே தொடங்குகிறது என்று ஊரில் இருக்கிற வயதானவர் யாரையாவது கேட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து மடை வரைக்கும் நடந்து பாருங்கள். கையில் ஒரு மண்வெட்டி இருக்கட்டும்.